பாடி லிஃப்ட்டா, பெரிய டயரா? முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒரு பழைய சாக்கை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள். பின்சக்கரங்கள் இரண்டையும் இணைத்தபடி ஒரு தடித்த இரும்புக் குழாய் போகும், அதுதான் ஆக்ஸில். அதில் பூசணிக்காய் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். பட்டறையில் அதைக் கிரௌன் என்பார்கள், கையேட்டில் டிஃபரன்ஷியல் என்று போட்டிருக்கும். தரையிலிருந்து அந்தப் புடைப்பின் அடிவயிறு வரை டேப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த ஓர் எண்ணைப் பற்றித்தான்.

சித்தப்பா மகன் ஒருவன் தேனிப் பக்கம் இருக்கிறான். மஹிந்திரா தார் ஜீப் வாங்கிய மூன்றாம் மாதமே, வண்டியின் உடம்பை உயர்த்தும் பாடி லிஃப்ட்டை இரண்டு அங்குலத்துக்குப் போட்டுவிட்டுப் போன் பண்ணினான். "அண்ணே, வண்டி நிக்கிற தோரணையே மாறிப்போச்சு. இனிமே ஓடைக் கல்லுல அடி படாதுல்ல?"

"டயர் மாத்துனியாடா?"

"இல்லண்ணே, அது அடுத்த மாசச் சம்பளத்துல."

அந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போகிற ஓடையில், வழக்கமாக உரசுகிற அதே கல்லில், அதே கிரௌன் உரசியது. மறுபடி போன். "ரெண்டு இஞ்ச் எங்கண்ணே போச்சு?"

எங்கேயும் போகவில்லை. அவன் சீட்டுக்கும் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது.

மூன்று அடுக்கு

தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி, பொலேரோ, ஃபார்ச்சூனர் எல்லாம் ஏணி போன்ற சேஸிஸ் மேல் கட்டிய வண்டிகள். இவற்றை மூன்று அடுக்காக நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. அடியில் சக்கரமும் ஆக்ஸிலும். அதற்கு மேல் இன்ஜின், கியர் பாக்ஸ், டீசல் டேங்க் எல்லாம் பூட்டிய சேஸிஸ். எல்லாவற்றுக்கும் மேல் நாம் உட்காரும் பாடி. முதல் அடுக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ரப்பர் மவுண்ட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் ஊடாகவும் ஒரு நீள போல்ட் இறங்கும்.

பாடி லிஃப்ட் என்பது அந்த ரப்பர் மவுண்ட் இருக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு கட்டையைச் செருகுவது, அவ்வளவுதான். பாடி மேலே போகும். சேஸிஸ், கிரௌன், டேங்க், கியர் பாக்ஸ் எதுவும் ஒரு மில்லிமீட்டர் கூட நகராது. நடுவயிறு மேட்டில் தட்டி நிற்கும் பிரச்சினையும் தீராது, ஏனென்றால் அங்கே தட்டுவது பெரும்பாலும் சேஸிஸோ, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும், அதில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோதான்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது ஸ்பிரிங்கை உயரமாக்குவது. அதில் சேஸிஸும் பாடியும் சேர்ந்து உயரும், நடுவயிறு தப்பிக்கும். ஆனால் பின் ஆக்ஸில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதனால் கிரௌன் அப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கும். தாரில் முன்பக்கம் வேறு கதை: அங்கே சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு, கிரௌன் சேஸிஸோடு இணைந்திருக்கும். லிஃப்ட் போட்டால் அது உயரும். பதிலுக்கு, சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்ட்டுகள் சாய்வாக வேலை செய்ய வேண்டிவரும், அவற்றின் ஜாயின்ட்டும் அதை மூடும் ரப்பர் உறையும் சீக்கிரம் தேயும். ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்ஸில் என்பதால் இரண்டு பக்கமும் கிரௌன் கீழேயே கிடக்கும்.

ஆக, ஆக்ஸிலைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதுவும் முழுசாக உயர்த்தாது. டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் அடியில் கிடைக்கும், மீதிப் பாதி ஆக்ஸிலுக்கு மேலே மட்கார்டுப் பக்கம் போய்விடும்.

கிரெட்டா, செல்டாஸ், டஸ்டர் மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பாடி லிஃப்ட்டை மறந்துவிடலாம். அவற்றில் பாடியும் சேஸிஸும் ஒரே உடம்பு, நடுவில் கட்டை வைக்க இடமே கிடையாது. அவற்றுக்குக் கடைகளில் "லிஃப்ட்" என்று போடுவது ஸ்பிரிங் மேல் வைக்கும் கட்டை. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

அப்படியானால் பாடி லிஃப்ட் எதற்கு?

பெரிய டயருக்கு இடம் விட. அதன் வேலை அது ஒன்றுதான், அந்த வேலையை உண்மையிலேயே நன்றாகச் செய்கிறது.

பலர் தவறவிடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டுவிட்டு நிற்கும் வண்டியைப் பார்த்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடைவெளி தெரியும். நிற்கும்போதுதான் தெரியும். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறி ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது டயர் எங்கே போய் நிற்கும் என்பதை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. சேஸிஸில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டைதான் தீர்மானிக்கிறது. அந்தக் கட்டையை மாற்றாதவரை, நீங்கள் எவ்வளவு உயரமான ஸ்பிரிங் போட்டாலும் டயர் முழுசாக மேலே வரும்போது பழைய இடத்துக்கேதான் வரும். பெரிய டயர் என்றால் அங்கே மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கடிக்கும். பாடி லிஃப்ட்டில் அப்படியில்லை. மட்கார்டே மேலே போய்விடுவதால் ஒரு அங்குலம் தூக்கினால் எந்த நிலையிலும் அந்த ஒரு அங்குலம் இருக்கும்.

இன்னொரு லாபம், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஷாஃப்ட் கோணம், வீல் அலைன்மென்ட் எதையும் அது தொடுவதில்லை. ஓட்டும் சுகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கனமான இன்ஜினும் கியர் பாக்ஸும் கீழேயே இருந்துவிடுவதால், அதே அளவு சஸ்பென்ஷன் லிஃப்ட்டோடு ஒப்பிட்டால் வண்டியின் கனமையம் குறைவாகவே உயரும். குறைவாக என்றேனே தவிர இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பாடி முன்னைவிடக் கூடுதலாகச் சாய்வது இடுப்புக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பாடி லிஃப்ட் மேல்பக்கம் மட்டும்தான் இடம் தரும். டயர் பெரிசானால் முன்னாலும் பின்னாலும் கூடத்தான் பெரிசாகும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரின் முன்விளிம்பு பம்பர் ஓரத்தையும், பின்விளிம்பு கால் வைக்கும் இடத்துத் தகட்டின் மடிப்பையும் நோக்கிப் போகும். பம்பர் சேஸிஸோடு பூட்டிய வண்டி என்றால், பாடி உயர்ந்தாலும் அது உயராது. அந்த உரசலைப் பிளாஸ்டிக்கை அறுத்தோ மடிப்பைத் தட்டியோதான் தீர்க்க முடியும்.

டயர் எண்ணைப் படிப்பது

டயர் ஓரத்தில் 245/75 ஆர்16 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாரின் ஏஎக்ஸ் வேரியன்ட்டில் இந்த அளவுதான் வந்தது. 245 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது டயர் சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம், அதாவது 183.75 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், அதாவது 406.4 மி.மீ. சுவர் மேலும் கீழும் இருப்பதால் இரண்டால் பெருக்கி ரிம்மோடு கூட்டினால் 773.9 மி.மீ. ஏறக்குறைய முப்பதரை அங்குலம்.

எல்எக்ஸ் வேரியன்ட்டில் வந்த 255/65 ஆர்18 டயரை இதே மாதிரி கணக்குப் போட்டால் 788.7 மி.மீ. வருகிறது. கம்பெனியே ஒரே வண்டிக்கு 15 மி.மீ. வித்தியாசமுள்ள இரண்டு டயர்களைக் கொடுத்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ரிம் பெரிசாக இருப்பதால் 18 அங்குல டயரின் சுவர் குட்டையாக இருக்கும், பாறையில் அடி வாங்கும்போது ரிம்முக்குப் பாதுகாப்பு குறைவு. காட்டுப் பாதைக்கு என்றால் நான் 16 அங்குல ரிம்மைத்தான் எடுப்பேன், பார்க்க எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது 16 அங்குல ரிம்மிலேயே 265/75 போட்டால் விட்டம் 803.9 மி.மீ. பழையதைவிட 30 மி.மீ. கூடுதல், கிரௌனுக்கு அடியில் 15 மி.மீ. லாபம். இன்னும் ஆசைப்பட்டு 285/75 போனால் 833.9 மி.மீ., லாபம் 30 மி.மீ. அதாவது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். இதைச் சொன்னால் கேட்பவர் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு செலவுக்கு ஒரு அங்குலமா? ஆமாம், ஒரு அங்குலம்தான். ஆனால் ஓடைக் கல் உரசுவதும் உரசாததும் அந்த ஒரு அங்குலத்தில்தான் இருக்கிறது.

ஜிம்னிக்கு வருவோம். அதன் டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703.5 வருகிறது. இதற்குப் பெரும்பாலும் லிஃப்ட்டே தேவைப்படாது, அதனால்தான் நிறைய பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 235/75 ஆர்15 என்றால் 733.5, அங்கேதான் லிஃப்ட் பேச்சும் பிளாஸ்டிக் அறுக்கும் பேச்சும் தொடங்கும்.

பெரிய டயர் எடுத்துக்கொள்வது

டயர் பெரிசானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. 245/75-இலிருந்து 265/75 போனால் வித்தியாசம் 3.9 சதவீதம். மீட்டரில் 100 காட்டும் இடத்தில் முன்பு என்ன வேகம் போனீர்களோ, இப்போது அதைவிட ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் கூடுதலாகப் போவீர்கள். 285/75 என்றால் எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓடோமீட்டரும் அதே கணக்கில் குறைத்துக் காட்டும்: 1000 கிலோமீட்டர் என்று அது சொல்லும்போது உண்மையில் 1039 ஓடியிருப்பீர்கள். "பெரிய டயர் போட்டேன், மைலேஜ் விழுந்துவிட்டது" என்று புலம்புபவர்கள் முதலில் இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். மைலேஜ் விழும் என்பது உண்மைதான், ஆனால் மீட்டர் சொல்கிற அளவுக்கு விழாது.

இரண்டாவது, இழுவை. சைக்கிளில் பின்பக்கச் சின்ன பல்சக்கரத்துக்கு மாறிவிட்டு மேடு ஏறுகிற மாதிரி. எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிடும். தார் டீசலில் இது அவ்வளவாகத் தெரியாது. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 134 நியூட்டன் மீட்டர்தான் தரும். அதில் 235/75 போட்டு வால்பாறை ஏறினால் இரண்டாவது கியரிலேயே குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை: பிரேக். பிரேக் டிஸ்க் அதே அளவுதான், ஆனால் அது நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிசாகவும் கனமாகவும் ஆகிவிட்டது. சுழலும் எடை ஓரத்தில் கூடும்போது அதைக் கிளப்பவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம். புது டயர் போட்ட அன்றே காலி ரோட்டில் நாலைந்து தடவை அழுத்திப் பிரேக் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். காலுக்குப் புதுக் கணக்கு பிடிபட வேண்டும்.

டயர் வாங்கும்போது அளவை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. அளவுக்குப் பக்கத்தில் 111 எஸ் என்பது மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 111 என்றால் ஒரு டயர் 1090 கிலோ வரை தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. புதுசு பழையதைவிடக் குறைந்த எடை தாங்குவதாக இருக்கவே கூடாது. மண்ணுக்கான முரட்டு டயர்களில் பெரும்பாலும் க்யூ என்று இருக்கும், 160 கிலோமீட்டர். நம் சாலைக்கு அது போதும்.

எந்தப் பூ?

டயரின் வெளிப்புற வெட்டைப் பூ என்றும் பட்டன் என்றும் கடையில் சொல்வார்கள். ஆல் டெரெய்ன் என்பதை ஏடி என்றும் மட் டெரெய்ன் என்பதை எம்டி என்றும் சுருக்குவார்கள். எம்டி டயரில் பட்டன்கள் பெரிசு, இடைவெளி அகலம். சேற்றைக் கவ்விவிட்டுச் சுற்றும்போது உதறித் தள்ளிவிடும். செம்மண் நனைந்து வழுக்கும் எஸ்டேட் பாதையில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் தார் ரோட்டில் ரீங்காரம் போடும், 80 தாண்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டும். மழை பெய்த ரோட்டில் ஏடியைவிட எம்டி நிற்க அதிக தூரம் எடுக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ், மாதத்தில் ஒரு ஞாயிறு மலை என்றால் ஏடி போதும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மணலுக்கும் ஏடிதான் நல்லது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் எம்டி டயரை முறுக்கினால் அது மண்வெட்டி மாதிரி குழி தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

டயர் மாற்றாமலேயே பாதிப் பலனை அடைய ஒரு வழி இருக்கிறது: காற்றைக் குறைப்பது. ரோட்டில் 30 பிஎஸ்ஐக்கு மேல் ஓடும் டயரில் மணலுக்கு 15 முதல் 18 வரை இறக்கினால் டயர் தரையில் படியும் இடம் நீளமாகிவிடும். புதைந்த வண்டி தானாக எழுந்து வருவதைப் பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கும். கல் பாதையிலும் 22, 24 என்று வைத்தால் தூக்கிப் போடுவது பாதியாகும். மெதுவாகத்தான் போக வேண்டும், திடீரென்று ஸ்டியரிங் ஒடிக்கக் கூடாது, தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி காற்றடித்துவிட வேண்டும். ஒரு காற்று மீட்டர், பேட்டரியில் ஓடும் ஒரு கம்ப்ரஸர். லிஃப்ட்டுக்குப் போகுமுன் இந்த இரண்டையும் வாங்கி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். நிறைய பேருக்கு அதோடு ஆசை அடங்கிவிடும்.

கொழுக்குமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். பாதை என்று சொல்வது மரியாதைக்காக, கல்லைக் கொட்டி வைத்த சரிவு அது. நான் ஏறிய பழைய ஜீப்பில் லிஃப்ட் கிடையாது, ஒல்லி டயர்தான். டிரைவர் ஒவ்வொரு பெரிய கல்லையும் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விடாமல் சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றினார். கல் டயருக்கு அடியில் இருக்கும்போது கிரௌனும் அதோடு சேர்ந்து உயர்ந்துவிடும். நடுவில் விட்டால்தான் அடி. ஒரு பைசா செலவில்லாத லிஃப்ட் அது.

பட்டறையில் நடப்பது

சரி, டயரைத் தீர்மானித்துவிட்டீர்கள், உரசுகிறது, பாடி லிஃப்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் எவ்வளவு? மேல்பக்கம் டயர் கூடுவது, விட்டம் கூடும் அளவில் பாதி. 265/75-க்கு அது 15 மி.மீ., லைனரைக் கொஞ்சம் சூடு காட்டி உள்ளே தள்ளினாலே முடிந்துவிடலாம். 285/75-க்கு 30 மி.மீ., அதற்கு ஒன்றேகால் அங்குலம் நியாயம். கடைக்காரர் மூன்று அங்குலக் கட்டையைக் காட்டுவார். வேண்டாம். கட்டை உயர உயர போல்ட் நீளும், பள்ளத்தில் வண்டி முறுகும்போது நீண்ட போல்ட்டுக்கு வளையும் சுமை அதிகம். என் மனசு ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது.

கட்டை எதில் செய்தது என்று கேளுங்கள். கெட்டியான பாலியூரித்தேன், நைலான், லேத்தில் கடைந்த அலுமினியம் ஆகியவை சரி. மரக்கட்டை, குழாயை வெட்டிய துண்டு, வாஷர்களை அடுக்கியது எல்லாம் நம்மூரில் செய்து பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு வண்டியில் என் குடும்பத்தை ஏற்ற மாட்டேன். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அடித்திருக்க வேண்டும், பழைய போல்ட்டின் தரத்துக்குக் குறையக் கூடாது. எல்லா மவுண்ட்டிலும் ஒரே உயரம் வைக்க வேண்டும். முன்னால் மட்டும் தூக்குவது கிடையவே கிடையாது.

நாலைந்து வருடம் ஓடிய வண்டி என்றால் முதல் தலைவலி போல்ட்டைக் கழற்றுவதுதான். சில மவுண்ட்டுகளில் நட்டு பாடித் தகட்டுக்கு உள்ளே பற்றவைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. துரு ஏறிய போல்ட்டை ஏர் கன் வைத்து ஒரே மூச்சில் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகு போல்ட் லேசாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. உள்ளே நட்டு பற்றிலிருந்து விட்டுவிட்டது என்று அர்த்தம். இனி உள்ளே தரைவிரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டில் ஓட்டை போட்டு, நட்டைப் பிடித்துக் கழற்ற வேண்டும். முந்தின நாளே துரு எடுக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, கை ஸ்பேனரில் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாக எடுக்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

பாடி மேலே போகும்போது பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போகிற ஒவ்வொன்றும் இழுபடும். ஸ்டியரிங் தண்டு முதலில் பார்க்க வேண்டியது: அதில் நீண்டு சுருங்கும் பகுதி எவ்வளவு மிச்சம் இருக்கிறது, போதவில்லை என்றால் முறையான எக்ஸ்டென்ஷன் துண்டு தேவை. அங்கே வெல்டிங் வைக்க வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். டீசல் ஊற்றும் வாய் பாடியில் இருக்கிறது, டேங்க் சேஸிஸில் இருக்கிறது, நடுவில் உள்ள ரப்பர் குழாய் இறுகிவிடும். பிரேக் குழாய்கள், பாடிக்கு வரும் எர்த் வயர், ரேடியேட்டர் குழாய்கள் எல்லாவற்றிலும் தளர்ச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தார், ஜிம்னி இரண்டிலும் நாலு சக்கர இழுவையைப் போடும் தனி லிவர் தரையில் இருக்கிறது. தரை உயர்ந்துவிட்டால் லிவர் ஓட்டையின் விளிம்பில் முட்டி 4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு சுற்றும் நிலை) முழுசாக விழாமல் போகலாம். தரையில் நிற்கும்போதே எல்லா நிலைக்கும் போட்டுப் பாருங்கள், மலையில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை அது.

பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு பொக்கை தெரியும். அதை மூடப் பட்டை விற்கிறார்கள், போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

உரசலைக் கண்டுபிடிக்க எங்கள் பட்டறையில் ஒரு வழி உண்டு. கோலமாவைத் தண்ணீரில் குழைத்து லைனர் உள்பக்கமும் பம்பர் ஓரத்திலும் தடவிக் காயவிடுவார்கள். பிறகு ஒரு பக்க முன்சக்கரத்தைத் திண்ணை உயரக் கல்லில் ஏற்றி, ஸ்டியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முழுசாக ஒடித்துப் பார்ப்பார்கள். அப்புறம் மறு பக்கம். இறக்கிவிட்டுப் பார்த்தால் டயர் தொட்ட இடத்தில் மாவு அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் அறுத்தால் போதும். சமதளத்தில் நிறுத்தி "எங்கேயும் படலையே" என்பது சோதனையே இல்லை.

அகலமான டயருக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம்மோ, நடுவில் வைக்கும் வீல் ஸ்பேஸரோ போடச் சொல்வார்கள். உள்பக்கம் உரசாது என்பது சரி. ஆனால் சக்கரம் வெளியே போகப் போக, ஒடிக்கும்போது அது போடும் வட்டம் பெரிதாகி பம்பரில் கூடுதலாக முட்டும், பேரிங்குக்கும் சுமை ஏறும். கம்பெனி ரிம்மில் உட்காருகிற அகலத்துக்குள்ளேயே டயரைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்டெப்னி

நாலு டயர் வாங்கினால் போதாது, ஐந்து வாங்க வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கப் பழைய அளவு ஸ்டெப்னியையே வைத்துக்கொண்டால், பஞ்சர் ஆகும் அன்று ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டத்தில் சுற்றும். டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும், நாலு சக்கரமும் போட்டிருந்தால் முன் பின் ஷாஃப்ட்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். காட்டில்தான் பஞ்சர் ஆகும், காட்டில்தான் நாலு சக்கரமும் தேவைப்படும்.

தாரிலும் ஜிம்னியிலும் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. கனமான டயர் ஏறினால் கீலுக்குச் சுமை. மேடு பள்ளத்தில் கதவு கிடுகிடுக்கத் தொடங்கினால் கீல் போல்ட்டையும் கதவு முட்டும் ரப்பரையும் பாருங்கள்.

சட்டம்

இதைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, யோசிக்க வேண்டியது முதலில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று சேர்த்தார்கள். "எல்லாரும் போடுறாங்க சார்" என்று கடைக்காரர் சொல்வார், செக்போஸ்ட்டில் அவர் நிற்க மாட்டார்.

பெரிய ஆபத்து அபராதம் அல்ல, இன்ஷூரன்ஸ். மாற்றத்தைச் சொல்லாமல் வைத்திருந்து விபத்து நடந்தால், கிளெய்மில் அது ஒரு காரணமாக வந்து நிற்கும். போடுமுன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிலும். அதே மாடலின் இன்னொரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் டயர் அளவுக்குள் நின்றுகொண்டால் பேச்சு சுலபமாக இருக்கும். தனியார் நிலத்தில் பந்தயத்துக்கென்றே வண்டி கட்டுபவர்கள், டிரக்கில் ஏற்றி எடுத்துப் போய் இறக்குகிறார்கள். அவர்கள் கணக்கு வேறு.

தேனித் தம்பியிடமும் இதையெல்லாம் சொன்னேன். அவன் லிஃப்ட்டைக் கழற்றிவிட்டான். கட்டைகள் அட்டைப் பெட்டியில் பரணில் இருக்கின்றன. இப்போது எல்எக்ஸ் வண்டிக்கு வரும் விட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏடி டயர், ஐந்தாகவே வாங்கினான். கம்ப்ரஸர் ஒன்று. ஓடைக் கல்லைப் பற்றிக் கேட்டேன்.

"அது மேலயே சக்கரத்தை ஏத்திடுறேன்ணே."

லிஃப்ட்டை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. போட்டு 500 கிலோமீட்டர் ஓடியதும், முதல் காட்டுப் பயணம் முடிந்ததும் எல்லா பாடி போல்ட்டுகளையும், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ரப்பர் அமுங்கி உட்கார்ந்திருக்கும், ஏதாவது ஒன்றிரண்டு கால் சுற்றாவது ஏறும்.